ஞாயிறும் குப்பாயமும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக ஏறுகிறவர்கள் கல்லாறு தாண்டியதும் வளைவுகளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். 22 கொண்டை ஊசி வளைவுகள் முடிந்தால் பொன்முடி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். புல்மேட்டில் நின்று பனி விலகக் காத்திருப்பவர்களுக்குத் தென்கிழக்கே அகத்தியர்கூடத்தின் கூம்பு தெரியும். அதன் உயரம் 1,868 மீட்டர். அங்கிருந்து மலைத்தொடர் இன்னும் தெற்கே போய், மகேந்திரகிரியைத் தாண்டி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் இறங்குகிறது. பழைய திருவிதாங்கூரின் கிழக்கு மதில் இந்த மலைதான்.

இந்த மதிலின் அடிவாரம் நெடுக இருநூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு வழக்கு நடந்திருக்கிறது. ஒருவர் பிறந்த மதத்தை விட்டு வேறொன்றில் சேரலாமா, சேர்ந்தால் அவருக்கு என்ன மாறும் என்பதே அந்த வழக்கு. இன்றைய சொல்லில் மதச் சுதந்திரம். ஆனால் ‘விளம்பரம்’ என்று அன்று அழைத்த அரசாணைகளையும் பழைய மனுக்களையும் புரட்டினால் அந்தப் பெரிய சொல்லைக் காண்பது அரிது. அங்கே இருப்பவை சின்னச் சின்னப் பொருள்கள்: ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு குப்பாயம், ஒரு பொதுவழி, ஒரு சந்தை, கொஞ்சம் வரி. ‘வேதத்தில் சேர்ந்த’, அதாவது கிறிஸ்தவரான, மக்கள் இவற்றைத்தான் கேட்டார்கள். அரசு இவற்றைத்தான் கொடுத்தது, மறுத்தது, கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டது.

திருவிதாங்கூருக்குக் கிறிஸ்தவம் அந்நியமானதல்ல. கி.பி. 849-ல், சேரன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்குச் செப்பேடு எழுதிக் கொடுத்தார். பள்ளியை எழுப்பியவர் மருவான் சபீர் ஈசோ என்ற வணிகத் தலைவர். சாசனம் வட்டெழுத்தில் இருக்கிறது. சாட்சிகளோ அரபு, பாரசீகப் பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இந்து அரசன், கிறிஸ்தவப் பள்ளி, யூத, முஸ்லிம் சாட்சிகள் என்று ஒரே பட்டயத்தில் இத்தனை பேர் சேர்ந்திருப்பதைக் கேரளத்தின் சகிப்புத்தன்மைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அது சரிதான்.

ஆனால் அந்தச் செப்பேட்டை முழுதாகப் படிக்க வேண்டும். அரசன் பள்ளிக்குக் கொடுத்தவற்றில் நிலம் இருக்கிறது, வரிவிலக்கு இருக்கிறது, எடைக்கும் அளவைக்குமான அதிகாரம் இருக்கிறது. கூடவே ஈழவர் குடிகளும் வண்ணார் குடியும் இருக்கின்றன. பள்ளிக்கு உரிமை கிடைத்தது. அந்த உரிமைப் பட்டியலிலேயே சில மனிதர்களும் இடம்பெற்றார்கள். பல நூற்றாண்டுகளுக்குச் சிரியன் கிறிஸ்தவர்கள் உயர்ந்த சாதியாருக்குச் சமமான மதிப்போடு வாழ்ந்தார்கள். அவர்களில் நிலக்கிழார்கள் பலர் அடிமைகளையும் வைத்திருந்தார்கள். அரசன் மதித்தது ஒரு சமூகத்தை. அந்தச் சமூகம் தனக்குரிய படியில் நிற்கும்வரை அதன் வழிபாடு எதுவாக இருந்தாலும் அவனுக்கு உறுத்தவில்லை. படி மாறுகிறவர்களிடம் வந்தபோதுதான் உறுத்தல் தொடங்கியது.

இதை ஒரே அரசனின் கீழ் வாழ்ந்த இரண்டு பேரை வைத்தே பார்க்கலாம். 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையை முறியடித்தார். பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாச்சியஸ் டிலனாய். கைதியாக வந்தவர் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்து அதன் தளபதியாகவே உயர்ந்தார். அவர் கத்தோலிக்கர். உதயகிரிக் கோட்டைக்குள் அவருக்கென்று தேவாலயம் இருந்தது. 1777-ல் இறந்தபோது அங்கேயே புதைத்தார்கள். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து பொறித்திருக்கிறது. கடைசிவரை யாரும் அவர் வழிபாட்டில் கைவைக்கவில்லை.

அவரோடு பழகிய அரசு ஊழியர் ஒருவர் இருந்தார். 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை. டிலனாயிடம் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745-ல் கணவாய்க்கு அப்பால் பாண்டி நாட்டு வடக்கன்குளத்துக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றார். லாசரஸ் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று சூட்டிக்கொண்டார். 1749-ல் கைது. மூன்றாண்டுச் சிறை, ஊர் ஊராக அவமதிப்பு. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அரசின் பக்கம் சொல்லப்பட்டது ராஜத்துரோகம். திருச்சபையின் பக்கம் சொல்லப்படுவது விசுவாசத்துக்கான உயிர்த்தியாகம். இந்தச் சண்டை இன்னும் வரலாற்றாசிரியர்களிடையே நடக்கிறது. அந்தக் கொலைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1750 ஜனவரியில், மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமியின் காலடியில் வைத்து ‘திருப்படித் தானம்’ செய்திருந்தார். தேவனின் நாட்டில் ஒரு வெளிநாட்டுத் தளபதி எந்த மதத்தில் இருந்தாலும் பிரச்சினை இல்லை. உள்ளூர் உத்தியோகஸ்தர் ஒருவர் தாமாக மதம் மாறியது வேறு கணக்கு.

2022 மே 15 அன்று வத்திக்கானில் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் அவர். அதற்கு முன்பே ஒரு சிறு விவாதம் எழுந்தது. பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’யை விட்டுவிட வேண்டும் என்று கேட்டார்கள். ரோம் அதை ஏற்றது. இறந்து ஏறக்குறைய 270 ஆண்டுகள் கழித்துத்தான் அவரிடமிருந்து சாதி பிரிந்தது.

அதே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக 1806 ஏப்ரலில் ஒரு பிரஷ்யர் திருவிதாங்கூருக்குள் வந்தார். வில்லியம் டோபியாஸ் ரிங்கல்தோபே, லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியர். அவரை வரவழைத்தவர் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன். சாம்பவர் குலத்தவரான மகாராசன் சிதம்பரம் போய்த் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவப் போதனையைக் கேட்டு, அங்கேயே ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனவர். சிதம்பர தரிசனத்துக்குப் போனவர் வேதக்காரராக ஊர் திரும்பிய கதையைக் குமரி மாவட்டத்துச் சபைகளில் இன்றும் சொல்கிறார்கள்.

மயிலாடியில் ஒரு வேதக்கோயில் கட்ட அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. திவான் வேலுத்தம்பி பிரிட்டிஷாருக்கு எதிராகக் கிளம்பி, 1809-ல் அந்தக் கிளர்ச்சி அடங்கிய பிறகே கோயில் எழுந்தது. ஆள்கள் திரண்டு வந்தார்கள். ரிங்கல்தோபேக்கோ அதில் சந்தோஷத்தைவிடச் சலிப்பே அதிகம். வருகிறவர்கள் ஆத்தும இரட்சிப்பைக் கேட்கவில்லை. தலைவரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் விடுதலை கேட்கிறார்கள் என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். 1816-ல் வேதமாணிக்கத்திடம் சபையை ஒப்படைத்துவிட்டு அவர் கப்பலேறினார். கடைசியில் எங்கே மறைந்தார் என்பது இன்றுவரை புதிர்.

அவர் குறைப்பட்ட விஷயத்தை வந்தவர்களின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். ‘ஊழியம்’ என்பது கூலியில்லாக் கட்டாய வேலை. கோயிலுக்குத் தேவையான பொருள் சுமப்பது, யானைக்குத் தீவனம் கொண்டுவருவது, அதிகாரிகளின் மூட்டையைத் தூக்குவது என்று அழைத்த நேரத்துக்குப் போக வேண்டும். அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் பனையேறிப் பிழைத்த நாடார்கள், அன்றைய ஆவணச் சொல்லில் சாணார்கள், இதன் முழுப் பாரத்தையும் சுமந்தார்கள். பதநீர் காய்ச்சும் பருவத்தில் ஒரு வாரம் ஊழியத்துக்குப் போனால் அந்த வாரத்துப் பதநீர் போயிற்று. இப்படி வாழும் மனிதருக்கு ஒரு தெய்வத்தின் பெயரால் வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் என்றால், அதை ‘உலகக் காரியம்’ என்று தள்ளிவிட முடியுமா?

அந்த ஒரு நாள் கிடைத்தது. கர்னல் ஜான் மன்றோ பிரிட்டிஷ் ரெசிடென்ட்டாக இருந்துகொண்டே திருவிதாங்கூரின் திவான் பதவியையும் 1811 முதல் 1814 வரை வகித்தார். ராணி லட்சுமி பாயின் ஆட்சிக்காலம் அது. கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்கு அழைக்கக் கூடாது, கோயில் சார்ந்த வேலைக்கு எந்த நாளும் அழைக்கக் கூடாது என்ற விலக்கு மன்றோவின் காலத்தில் உருவானது. திருவிதாங்கூர் ஏழைக்குக் கிடைத்த முதல் வார விடுமுறை இதுவாகத்தான் இருக்கும். அடுத்து ராணி பார்வதி பாயின் காலத்தில் மிஷன் நாகர்கோவிலுக்கு நகர்ந்தது. அங்கே சார்லஸ் மீட் வந்தார். கொஞ்ச காலம் நீதிபதியாகவும் அமர்ந்தார். மார்த்தா மால்ட் பெண்களுக்குப் படிப்போடு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். லேஸ் விற்ற காசில் சில பெண்கள் அடிமைத்தளையிலிருந்து தங்களையே விலைகொடுத்து மீட்டுக்கொண்டார்கள்.

இரண்டாவது பொருள் குப்பாயம்.

பெண்கள் மார்பை மறைப்பது அன்றைய திருவிதாங்கூரில் மானப் பிரச்சினையாக மட்டும் இருக்கவில்லை. அது படிநிலையின் அடையாளம். தனக்கு மேலுள்ளவர் முன் மேலாடையை விலக்குவது மரியாதை. நாயர் பெண்கள் தோளின் மேல் போடும் மெல்லிய சீலைக்குத் தோள்சீலை என்று பெயர்; கீழ்ப்படியில் இருந்தவர்களுக்கு அது விலக்கு. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் அணிந்த தைத்த சட்டைதான் குப்பாயம். மதம் மாறிய நாடார் பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று மன்றோ ஆணையிட்டார். பெண்கள் அதோடு நிற்கவில்லை. குப்பாயத்தின் மேல் தோள்சீலையும் போட்டார்கள். மிஷனரிகள் வரைந்து கொடுத்த எல்லையை இவர்கள் தாமே தாண்டினார்கள் என்பது இந்த வரலாற்றில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி.

1822 முதல் கல்குளம், இரணியல் பக்கங்களில் சந்தைக்கு வந்த பெண்களின் துணியை உயர்சாதியினர் கிழித்தார்கள். அடுத்த ஆண்டு பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறிஸ்தவப் பெண்களின் பக்கம் தீர்ப்புச் சொன்னது; சச்சரவு அடங்கவில்லை. 1827-க்குப் பிறகு மறுபடியும் மூண்டது. பள்ளிக்கூடங்களும் கோயில்களும் எரிந்தன. 1829 பிப்ரவரி 3 அன்று அரசு விளம்பரம் வெளியிட்டது. குப்பாயம் சரி, நாயர் பெண்களைப் போலத் தோள்சீலை கூடாது. ஞாயிறு நீங்கலாக மற்ற நாள்களில் கிறிஸ்தவர்களும் ஊழியம் செய்தாக வேண்டும். அரசின் அனுமதி இல்லாமல் புதிய கோயில் கட்டக் கூடாது. கும்பிடலாம், ஆனால் கும்பிடும் இடத்தையும் கும்பிடப் போகும் உடையையும் அரசு தீர்மானிக்கும்.

இந்தத் தகராறு கிறிஸ்தவர்களுக்கும் அரசுக்கும் மட்டுமான தகராறு என்று நினைத்தால் கதையின் பாதி விட்டுப்போகும். சாமிதோப்பில் 1830-களில் எழுந்த அய்யா வைகுண்டர் சர்க்காரையும் எதிர்த்தார், மிஷனரிகளையும் ஏற்கவில்லை. தம்மிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். கண்ணாடியின் முன் நின்று வணங்கச் சொன்னார். சுவாதித் திருநாளின் அரசு அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சில மாதங்கள் சிறையில் வைத்தது. மிஷன் காட்டிய வழியில் போகாமல், படி இறக்கி வைத்த பழைய முறையிலும் இருக்காமல், தங்களுக்கென்று ஒரு வழிபாட்டை உருவாக்கிக்கொண்ட மக்களுக்கும் கிடைத்தது அதே சிறைதான்.

1858-ல் தோள்சீலைத் தகராறு மூன்றாவது முறை வெடித்தது. அந்த நவம்பரில் விக்டோரியா ராணி வெளியிட்ட பிரகடனம், குடிமக்களின் மத விஷயத்தில் தலையிட மாட்டோம் என்று உறுதி சொன்னது. லண்டனில் அது மதச் சுதந்திர சாசனம். தென் திருவிதாங்கூரிலோ வேறு மாதிரி படித்தார்கள்: இனி வெள்ளைக்காரன் வேதக்காரர்களுக்குத் துணை வரமாட்டான். திவான் மாதவ ராவ் டிசம்பர் 27 அன்று பழைய வழக்கத்தை மீறக் கூடாது என்று அறிவித்ததும் கலகக்காரர்களுக்குத் துணிச்சல் கூடியது. வீடுகள் எரிந்தன, சந்தைகள் கலைந்தன. மிஷனரிகள் சென்னைக்கு எழுதினார்கள். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யான் கடுமையாகத் தலையிட்டார். 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா கையெழுத்திட்டார்: எந்த மதத்தைச் சேர்ந்த நாடார் பெண்ணும் குப்பாயம் போடலாம், முக்குவர் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம், உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

அந்த ஆணை கிறிஸ்தவர், இந்து என்று பிரிக்கவில்லை. கிறிஸ்தவப் பெண்கள் போராடிப் பெற்றது வைகுண்டரைப் பின்பற்றிய பெண்களுக்கும் கிடைத்தது. மதத்தின் பெயரில் கேட்ட உரிமை, மதம் மாறாதவர்களுக்கும் வந்து சேர்ந்தது.

நாடார்களுக்கும் கீழே இருந்தவர்களுக்கு ஞாயிறும் இல்லை, குப்பாயமும் இல்லை. 1836-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு திருவிதாங்கூரில் 1,64,864 அடிமைகள் இருப்பதாகச் சொன்னது. புலையரும் பறையரும்தான் பெரும்பான்மை. நிலத்தோடு விற்கவும் குத்தகைக்கு விடவும் அடகு வைக்கவும் அவர்களுக்கு விலை இருந்தது.

இங்கே கொஞ்சம் மேற்கு ஆப்பிரிக்காவைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. கோட்டயம், ஆலப்புழைப் பக்கங்களுக்கு 1816-ல் வந்த சர்ச் மிஷனரி சங்கம், தன் வேலையை முதலில் தொடங்கியது 1804-ல் சியரா லியோனில்தான். அந்நாட்டின் ஃபிரீடவுன் நகரம், பெயரே சொல்வதுபோல, விடுதலை பெற்ற அடிமைகளின் குடியேற்றம். அடிமைக் கப்பலிலிருந்து பிரிட்டிஷ் கடற்படை மீட்ட யோருபாச் சிறுவன் ஒருவன் 1822-ல் அங்கே கரையிறங்கினான். மூன்றாண்டு கழித்து ஞானஸ்நானம் பெற்று சாமுவேல் அஜாயி குரோத்தர் ஆனான். 1864-ல் ஆங்கிலிக்கன் பேராயராகவும் ஆனான். அங்கே முதலில் விலங்கு கழன்றது, பிறகு ஞானஸ்நானம் வந்தது. திருவிதாங்கூரில் வரிசை தலைகீழ். மல்லப்பள்ளிக்கு அருகே தெய்வத்தான் என்ற புலையர் 1854-ல் ஞானஸ்நானம் பெற்று ஆபேல் ஆனபோது, சட்டப்படி அவர் இன்னும் ஒருவரின் உடைமை. ஞாயிறு காலையில் தேவனின் பிள்ளை, திங்கள் காலையில் பண்ணையாரின் சொத்து.

இந்த முரண் மிஷனரிகளையும் உறுத்தியது. லண்டன் சங்கமும் சர்ச் சங்கமும் சேர்ந்து 1847-ல் மகாராஜாவிடம் மனுக் கொடுத்தன. 1853-ல் அரசு அரைகுறையாக இறங்கி வந்தது. 1855 ஜூன் 24 அன்று அடிமை முறையை முழுவதும் ஒழிப்பதாக அறிவித்தது. மனு எழுதப்பட்ட காலத்தில் சில கிறிஸ்தவப் பண்ணைகளிலும் அடிமைகள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அடிமை விலங்கு போன பிறகும் புதிய கிறிஸ்தவர் பழைய கிறிஸ்தவரின் பெஞ்சில் உட்கார முடியாத நிலை பல சபைகளில் தொடர்ந்தது.

1860-களில் கதை மலையேறுகிறது. ஆசம்பு மலைகளிலும் பொன்முடிச் சரிவுகளிலும் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் காடு வெட்டிக் காப்பி நட்டார்கள். காப்பி இலைநோயில் அழிந்ததும் தேயிலை வந்தது. மெர்ச்சிஸ்டன், பிரேமோர் என்று ஸ்காட்லாந்துப் பெயர்கள் மலையில் ஒட்டிக்கொண்டன. அபர்தீன் நகரத்தின் முழக்கமான ‘போன் அக்கார்ட்’ இங்கே ஒரு தோட்டத்தின் பெயராகி, ஊர் வாயில் போணக்காடு ஆயிற்று. தென் திருவிதாங்கூரிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் கங்காணி பின்னால் ஏறி வந்து லயங்களில் குடியேறின. கீழே ஊழியத்துக்குக் கூலி கிடையாது. மேலே, எவ்வளவு குறைவாக இருந்தாலும், கூலி உண்டு. பனையேறிகளின் பிள்ளைகளுக்கு மதமாற்றம் தந்த ஞாயிறைவிடக் காப்பித் தோட்டம் தந்த காசு பெரிய மாற்றமாக இருந்தது என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. தோட்டத்து லயங்களுக்கு நடுவில் மாரியம்மன் கோயிலும் வேதக்கோயிலும் கூப்பிடு தூரத்தில் எழுந்தன. வார விடுமுறை எல்லோருக்கும் பொது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அதை உரிமையாக்கியது. மன்றோ காலத்தில் கிறிஸ்தவர் என்பதற்காகக் கிடைத்த ஒரு நாள், தொழிலாளி என்பதற்காகக் கிடைக்கும் நாளாக மாறியது.

லண்டன் சங்கத்தின் சாமுவேல் மட்டீர் 1871-ல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய நூலுக்குத் ‘தருமநாடு’ என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். அரசு நடத்திய ஊட்டுப்புரைகளில் பிராமணருக்கு இலவச உணவு. அந்த ஊட்டுப்புரை இருக்கும் தெருவில் பாதிக் குடிமக்கள் நடக்கவே முடியாது. தலைப்பில் இருக்கும் குத்தல் அதுதான். திருவனந்தபுரம் பாளையத்தில் 1906-ல் கட்டிய கோயில் இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. பஸ்காரர்களுக்கு அந்த நிறுத்தம் இன்றும் ‘எல்.எம்.எஸ்’.

பொன்முடி அடிவாரத்து நெடுமங்காட்டில் வழக்கு வேறு பொருளுக்குத் தாவியது: சந்தை. புலையர் தலைவர் அய்யன்காளி 1912 வாக்கில் தம் ஆள்களோடு நெடுமங்காட்டுச் சந்தைக்குள் நுழைந்தார், அடிதடி நடந்தது, சந்தை திறந்தது. அய்யன்காளி மதம் மாறவில்லை, மாறச் சொல்லவும் இல்லை. ஆனால் மாற முடியும் என்ற சாத்தியம் அவர் காலத்து அரசியல் முழுவதிலும் பின்னணியில் இருந்தது. 1931-க்குள் திருவிதாங்கூர் மக்களில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 1935 அக்டோபரில் அம்பேத்கர் யேவலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். ஈழவத் தலைவர்கள் எந்த மதத்துக்குப் போகலாம் என்று மேடைகளில் வெளிப்படையாகவே விவாதித்தார்கள். 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். கோயில் கதவு திறந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. வைக்கம் முதலான போராட்டங்கள் முக்கியமானவை. வெளியேறும் கதவு திறந்திருந்ததும் அவற்றில் ஒன்று.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனம் 25-ஆம் பிரிவில் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை கொடுத்தது. தமிழ்நாடு 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்து, இரண்டே ஆண்டில் கைவிட்டது. கேரளத்தில் அப்படியொரு சட்டம் இல்லை. ஆனாலும் 1829-ஆம் ஆண்டு விளம்பரத்தின் சாயல் முற்றிலும் மறைந்துவிடவில்லை. புதிய வழிபாட்டிடம் கட்ட அரசு அமைப்பின் அனுமதி இப்போதும் வேண்டும்; எல்லா மதத்தாருக்கும் வேண்டும் என்பதே வித்தியாசம்.

மதம் மாறினால் என்ன மாறும் என்ற பழைய கேள்விக்குப் பொன்முடிச் சரிவில் இன்று இரண்டு விடைகள் இருக்கின்றன. 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதியினர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதியை இழக்கிறார்கள். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் கிடைத்த விலக்கு கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இதுவரை கிடைக்கவில்லை. பழங்குடியினர் பட்டியலுக்கோ மதம் ஒரு நிபந்தனையே இல்லை. ஆக, இந்த மலையின் பூர்வகுடிகளான காணிக்காரர்களில் ஒருவர் வேதத்தில் சேர்ந்தால் அவருடைய சான்றிதழ் அப்படியே செல்லும். அடிவாரத்துப் புலையர் ஒருவர் அதே கோயிலில், அதே நாளில் ஞானஸ்நானம் பெற்றால் அவருடைய சான்றிதழ் செல்லாது. ஞாயிறுக்கும் குப்பாயத்துக்கும் பதில் இப்போது வட்டாட்சியர் அலுவலகத்துக் காகிதம்.

அண்மைக் காலத்தில் வழக்கு இன்னும் மேலே, காட்டுக்குள்ளேயே போய்விட்டது. போணக்காட்டில் ஒரு குன்றுக்குக் குரிசுமலை என்று பெயர். நெய்யாற்றின்கரை லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்து மக்கள் 1957 முதல் அங்கே யாத்திரை போவதாகச் சொல்கிறார்கள். அது காப்புக்காடு என்பது வனத்துறையின் நிலை. 2017-ல் அங்கிருந்த சிலுவைகள் உடைந்து கிடந்தன. 2018 ஜனவரியில் மலைக்குக் கிளம்பிய யாத்திரிகர்களைப் போலீஸ் தடுத்து, விதுரையில் தடியடி நடந்தது. சிலர் இதை மதச் சுதந்திரத்தின் மீதான தாக்குதல் என்றார்கள். சிலர் வன ஆக்கிரமிப்பு என்றார்கள். வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போனது.

அதே ஆண்டு நவம்பர் 30 அன்று அதே உயர்நீதிமன்றம் பக்கத்து மலையைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. அகத்தியர்கூடத்துக்குப் பெண்கள் ஏறுவதைத் தடுக்கக் கூடாது என்றது. காணிக்காரர்களுக்கு அந்தச் சிகரம் அகத்திய முனியின் இருப்பிடம். பெண்கள் அங்கே போகலாகாது என்பது அவர்கள் வழிவழியாகக் காத்த நம்பிக்கை. 2019 ஜனவரியில் முதல் பெண் ஏறியபோது காணிக்காரர்கள் வழியில் அமர்ந்து அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள், யாரையும் தடுக்கவில்லை.

இப்படிப்பட்ட உரசல் இந்த மலைக்கு மட்டும் உரியதல்ல. கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் கா இன மக்கள் ஹொமோவோ அறுவடைத் திருவிழாவுக்கு முன் ஏறக்குறைய ஒரு மாதம் மேளம் கொட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று விரதம் காப்பார்கள். மேளமும் ஒலிபெருக்கியும் இல்லாமல் ஆராதனை நடத்தத் தெரியாத புதிய பெந்தெகொஸ்தே சபைகள் அதை ஏற்க மறுத்தன. 1998-ல் அது கைகலப்பாக மாறி, தேவாலயங்களுக்குள் புகுந்து தாக்கினார்கள். கானாவின் 1992-ஆம் ஆண்டு சாசனம் இரு தரப்புக்கும் வழிபாட்டு உரிமை தருகிறது. அதனால் அங்கே ஆண்டுதோறும் பேச்சுவார்த்தை நடப்பது எத்தனை டெசிபெல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பதைப் பற்றித்தான்.

பொன்முடியிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் போணக்காடு அதிக தூரமில்லை. சாலையில் போக வேண்டுமானால் விதுரைக்கு இறங்கி வேறு வழியில் ஏற வேண்டும். குரிசுமலைக்குப் போகிறவர்களும் அகத்தியர்கூடத்துக்குப் போகிறவர்களும் போணக்காட்டுக்குத்தான் வர வேண்டும். அகத்தியர்கூடம் ஏறுவதற்கு ஆண்டுதோறும் ஜனவரியில் வனத்துறை அனுமதிச் சீட்டு வழங்குகிறது. முகப்பில் பையைத் திறந்து காட்ட வேண்டும். கொண்டுபோகக் கூடாதவை என்று துறை வெளியிடும் பட்டியலில் பிளாஸ்டிக் இருக்கிறது, மது இருக்கிறது, அவற்றோடு பூஜைப் பொருள்களும் இருக்கின்றன.